புல்லைக் குட்டையாக வைத்தது யார்? ஆங்கிலக் கிராமப் பொதுவெளியின் மாறும் முகம்

காலண்டர் படங்களில் வரும் ஆங்கிலக் கிராமம் நமக்கெல்லாம் பழக்கம். நடுவில் வழுவழுவென்று புல்தரை, ஒரு மூலையில் வாத்து நீந்தும் குட்டை, சுற்றிலும் பழைய வீடுகள், பின்னால் தேவாலயக் கோபுரம். எஸெக்ஸில் இருக்கும் ஃபின்சிங்ஃபீல்டுக்குப் போனால் அந்தப் படம் அப்படியே எழுந்து நிற்கும். நடுவில் கிடக்கும் பொதுவெளிக்குப் பெயர் வில்லேஜ் கிரீன். ஊர்ப் பேச்சில் வெறும் கிரீன். தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் மந்தைவெளி. அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்த்தாலே விஷயம் பாதி விளங்கிவிடும். மாடும் குதிரையும் பெருவாத்தும் நின்ற இடம் அது. ரசிப்பதற்கு ஒதுக்கிய தோட்டம் என்ற எண்ணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, ‘நூற்றாண்டுகளாக மாறவே இல்லை’ என்று. மாறாதிருப்பவை வீட்டு வரிசையும் வெளியின் எல்லையும், அதுவும் தோராயமாகத்தான். தரை, நீர், மரம், விளிம்பு எல்லாம் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் ஆளே மாறிவிட்டன. 1900 வாக்கில் எடுத்த அஞ்சலட்டைப் படம் ஒன்றை உருப்பெருக்கியில் பாருங்கள். புல் திட்டுத்திட்டாக இருக்கும். வண்டித் தடங்கள் மூன்று நான்கு குறுக்கே ஓடும், ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாசலில் போய் முடியும். குட்டையின் கரை மிதிபட்டுச் சேறாகியிருக்கும். சாலைக்கும் புல்லுக்கும் நடுவே தெளிவான கோடு இருக்காது. வெள்ளைத் தூசி மெல்ல மெல்லப் பச்சையாகும், அவ்வளவுதான்.

எந்த ஊர் கிரீனை ஆராயப் புறப்பட்டாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: இந்தக் காலகட்டத்தில் புல்லைக் குட்டையாக வைத்தது யார்? முதல் உலகப் போர் வரை பெரும்பாலான ஊர்களில் விடை, கால்நடையின் வாய். சில இடங்களில் ஒரு பகுதியை வைக்கோலுக்கு விட்டு, நீண்ட பிடி அரிவாளால் அறுத்தார்கள். புல் வெட்டும் இயந்திரத்துக்கு க்ளஸ்டர்ஷரின் ஸ்ட்ரௌட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது செல்வந்தர் வீட்டுத் தோட்டத்துக்கான சாமான். கிராமப் பொதுவெளிக்கு இயந்திரம் வந்தது பெரும்பாலும் கிரிக்கெட் வழியாக. இரண்டு போர்களுக்கு நடுவில், பல உருளைகளை வரிசையாகப் பூட்டி இழுக்கும் வெட்டிகள் பரவின, பிறகு டிராக்டர், பிறகு ஆள் உட்கார்ந்து ஓட்டும் வண்டி. இன்று பல ஊர்களில் பாரிஷ் கவுன்சில் (நம் ஊராட்சி மன்றம் போன்றது) ஒப்பந்தக்காரரை வைத்து, ‘ஆண்டுக்கு இத்தனை வெட்டு’ என்று கணக்குப் போட்டு வெட்டுகிறது. ‘பழமையான பசும்புல்’ என்று நாம் மயங்குவதில் பெரும்பங்கு பெட்ரோல் எஞ்சினுடைய கைவேலை.

வாய் வெட்டிய புல் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க வேண்டுமானால் வடக்கு யார்க்ஷரில் கோத்லாண்டும் ஹட்டன்-லெ-ஹோலும் இருக்கின்றன. இன்றும் அங்கே ஆடுகள் ஊர் நடுவே மேய்கின்றன. புல் விரல் உயரத்துக்கு மேல் இல்லை, மேடு பள்ளம் அப்படியே தெரிகிறது, எங்கும் புழுக்கை. இயந்திரம் மேட்டைச் சீவிப் பள்ளத்தை மறைத்துவிடும். ஆடு தரையின் வளைவைப் பின்பற்றியே மேயும்.

எல்லா கிரீனும் ஒரே வழியில் பிறந்தவையும் அல்ல. டர்ஹம் மாவட்டத்தில் ஹேயிங்டன், கெயின்ஃபோர்டு போன்ற ஊர்களில் வெளியைச் சுற்றி வீடுகள் கோடு போட்டாற்போல் நிற்கும். யாரோ திட்டமிட்டு மனை பிரித்த ஊர்கள். நார்ஃபோக், சஃபோக் பக்கம் கதை வேறு. ஈர மேய்ச்சல் நிலத்தை நோக்கி, 12ஆம் நூற்றாண்டு வாக்கில், வீடுகள் நகர்ந்து போய் அதன் விளிம்பில் உட்கார்ந்தன. தேவாலயம் மட்டும் பழைய இடத்திலேயே தனியாக நின்றுவிட்டது. விளிம்பில் வீடுகள் உட்கார்ந்த பெரிய வெளிக்குச் சஃபோக்கின் மெல்லிஸ் நல்ல எடுத்துக்காட்டு. அந்த வெளியைக் கடக்க நடந்தே களைத்துவிடலாம். க்ளஸ்டர்ஷரின் ஃப்ராம்ப்டன்-ஆன்-செவர்னில் 22 ஏக்கர் கிரீன் சதுப்பாகக் கிடந்ததை 1731-ல் ரிச்சர்ட் க்ளட்டர்பக் வடிகால் வெட்டிச் சீர்படுத்தினார். ‘இயற்கையான’ பசுமை என்று அங்கே யாராவது சொன்னால் அந்த ஆண்டை நினைவுபடுத்தலாம்.

காகிதத்தில் தேடும்போது

வரைபடங்களைப் பழையதிலிருந்து புதியதற்கு அடுக்குவதைவிடப் புதியதிலிருந்து பின்னோக்கிப் போவது நல்லது. தெரிந்த மூலையைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குள் நுழையலாம். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல வரைபடம் (ஒரு மைலுக்கு 25 அங்குலம், அதாவது 1:2500) இதற்கு முதுகெலும்பு. இங்கிலாந்தின் பெரும்பகுதிக்கு முதல் பதிப்பு 1850களுக்கும் 1890களுக்கும் இடையில் வந்தது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இவற்றை இங்கிலாந்துக்கும் சேர்த்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

அதைப் படிக்கும்போது வழக்கமாக நேரும் தவறுகள் மூன்று. விளிம்பில் அச்சிட்டிருக்கும் வெளியீட்டு ஆண்டை எடுத்துக்கொண்டு, அளந்த ஆண்டை விட்டுவிடுவது முதலாவது. இரண்டுக்கும் நடுவில் சில ஆண்டுகள் இடைவெளி இருக்கும். மரங்களை நம்புவது இரண்டாவது. முதல் பதிப்பில் தனி மரங்களை அது நின்ற இடத்திலேயே குறித்தார்கள். பின் வந்த திருத்தங்களில் அந்த நுணுக்கம் குறைந்தது. 1880 படத்தில் இருந்த எட்டு மரம் 1905 படத்தில் இல்லை என்றால் வெட்டப்பட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அதே காலத்துப் புகைப்படம் கிடைக்கும் வரை அது திறந்த கேள்விதான். மூன்றாவது, சுருக்கெழுத்துகளைக் கவனிக்காமல் போவது. ‘பி’ என்றால் அடிகுழாய், ‘டபிள்யூ’ கிணறு, ‘எல்.பி.’ தபால் பெட்டி, ‘ஜி.பி.’ வழிகாட்டிக் கம்பம். கிணறு இருந்த இடத்தில் அடுத்த பதிப்பில் அடிகுழாய், அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை என்றால், வெளியைச் சுற்றி நீர் கிடைத்த விதமே மாறியிருக்கிறது. பெண்கள் கூடிப் பேசிய மூலை எது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னே போக, 1836 சட்டத்தைத் தொடர்ந்து வரைந்த டைத் வரைபடங்கள் உண்டு. விளைச்சலில் தேவாலயத்துக்குக் கொடுத்த பத்தில் ஒரு பங்கைப் பணமாக மாற்றுவதற்காக வரைந்தவை. கிரீனில் விளைச்சல் இல்லாததால் பல படங்களில் அந்த இடம் வெறும் வெள்ளையாகவே விடப்பட்டிருக்கும். வெள்ளையாக இருப்பதால் சாலை என்று நினைத்துவிடாதீர்கள். கூடவே இருக்கும் பட்டியலில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நடு இங்கிலாந்தில் பல ஊர்களுக்கு டைத் வரைபடமே கிடையாது. அங்கே பொதுநிலத்தை வேலியிட்டுப் பிரித்த சட்டமே டைத் விவகாரத்தையும் தீர்த்துவிட்டது. அந்த ஊர்களுக்கு அடைப்பு வரைபடத்தைத் தேட வேண்டும்.

பழைய வரைபடத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்திப் பார்க்க க்யூ-ஜி-ஐ-எஸ் என்ற இலவச மென்பொருள் போதும். இடிக்காத கட்டடங்களின் மூலைகளில் ஆறு புள்ளிகளாவது எடுங்கள், வெளியைச் சுற்றிலும் பரவலாக. எல்லாப் புள்ளியும் ஒரே பக்கத்தில் இருந்தால் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இரண்டு மூன்று மீட்டர் பிழை இருக்கும். ஆகவே ‘பக்கத்து வீட்டுத் தோட்டம் ஒன்றரை மீட்டர் முன்னே வந்திருக்கிறது’ என்று இதை வைத்துச் சண்டைக்குப் போக முடியாது. ஐந்து மீட்டர் என்றால் பேசலாம்.

வான்படங்களில் இரண்டு தொகுப்புகள் முக்கியம். 1919-ல் தொடங்கிய ஏரோஃபிலிம்ஸ் நிறுவனம் எடுத்த சாய்கோணப் படங்கள் ஒன்று. போர் முடிந்த கையோடு 1940களின் பிற்பாதியில் விமானப்படை எடுத்த நேர்க்குத்துப் படங்கள் இன்னொன்று. இரண்டாவது தொகுப்பு அழகுக்காக எடுக்கப்படாததால் அதிகம் பயன்படும். மிதிபட்ட தடங்கள் வெளிர் கோடுகளாகத் தெரியும். கால்நடை இன்னும் இருந்ததா, கார் வந்துவிட்டதா என்று அந்தக் கோடுகளின் வடிவமே சொல்லும். கால்நடைத் தடம் வளைந்து குட்டைக்குப் போகும். கார்த் தடம் நேராக வாசலுக்குப் போகும்.

அஞ்சலட்டைக்குத் தேதி போடுவது தனிக் கலை, அலுக்காதது. பின்பக்கம் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தால் 1902-க்குப் பிந்தையது. அரைப் பென்னி தபால்தலை ஒட்டியிருந்தால் 1918 ஜூனுக்கு முந்தையது என்று கொள்ளலாம். அப்போதுதான் கட்டணம் ஒரு பென்னியானது. போர் நினைவுச் சின்னம் இருந்தால் அநேகமாக 1919-க்குப் பிறகு. ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த சிவப்புத் தொலைபேசிக் கூண்டின் கே6 வகை தெரிந்தால் 1936-க்குப் பிறகு. கூரைகளில் ‘எச்’ வடிவ ஆன்டெனா முளைத்திருந்தால் 1950கள். கார் எண்ணின் கடைசியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருந்தால் 1963-க்குப் பிறகு. கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் தலையில் சிவப்பு முக்கோணம் வைத்த பழைய சாலைப் பலகை நின்றால், புதிய பலகைகள் வரத் தொடங்கிய 1965-ஐ அந்த ஊர் அநேகமாக இன்னும் எட்டவில்லை.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். 1914-க்கு முந்தைய வண்ண அட்டைகளில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பிறகு நிறம் ஏற்றியவை. பலவற்றை ஜெர்மனியில் அச்சடித்தார்கள். நிறம் பூசியவர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. தந்திக் கம்பியையும் கம்பத்தையும் அழித்து ‘அழகாக்குவது’ வழக்கமாக இருந்தது. எனவே படத்தில் கம்பம் இல்லை என்பது ஊரில் கம்பம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பழைய படம் எடுத்த இடத்தில் நிற்பது

மாற்றத்தைக் காட்ட இதைவிட வலுவான வழி கிடையாது. ஆனால் பத்தடி தள்ளி நின்று எடுத்த ‘அன்றும் இன்றும்’ படங்கள் எதையும் நிரூபிப்பதில்லை. சரியான இடத்தைக் கண்டுபிடிக்க உள்ளுணர்வு தேவையில்லை, ஒரு அளவுகோல் போதும்.

முதலில் பக்கவாட்டு. பழைய படத்தில் அருகில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக, இன்றும் இருக்கும் இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்: மதுக்கடையின் புகைபோக்கி, அதற்குப் பின்னால் தேவாலயக் கோபுரத்தின் வலது விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் படத்தில் தெரியும் அதே இடைவெளி கண்ணுக்குத் தெரியும் வரை இடமோ வலமோ நகருங்கள். படத்தின் மறுபக்கத்தில் இன்னொரு ஜோடியை எடுத்து அதையே செய்யுங்கள். இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

அடுத்து முன்னே, பின்னே. அருகில் உள்ள இரண்டு மூலைகளின் தூரத்தையும் தொலைவில் உள்ள இரண்டு மூலைகளின் தூரத்தையும் பழைய படத்தில் அளந்து வகுத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தில் 1.8, உங்கள் சோதனைப் படத்தில் 1.6 என்று வந்தால் இன்னும் முன்னே போக வேண்டும். கூடினால் பின்வாங்க வேண்டும். ஜூம் இதைச் சரிசெய்யாது. அது இரண்டு தூரத்தையும் சேர்த்தே பெரிதாக்கும், விகிதம் அப்படியே நிற்கும். புதிதாகச் செய்கிறவர்கள் அதிக நேரம் வீணாக்குவது இங்கேதான்.

மூன்றாவது உயரம். அருகிலுள்ள கூரையின் முகடு பின்னால் இருக்கும் சுவரை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் அந்தக் காலத்துப் படக்காரர் வண்டி மேலோ மாடி ஜன்னலிலோ நின்றிருக்கிறார். பழைய பெட்டிக் கேமராவில் லென்ஸை மட்டும் மேலே தூக்க முடியும் என்பதால் கோபுரம் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். நீங்கள் கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் விழும். அகலக் கோண லென்ஸை மட்டமாக வைத்து எடுத்துவிட்டு, கீழே மிஞ்சும் தரையை வெட்டிவிடுங்கள்.

நேரத்துக்கு நிழல் போதும். தேவாலயம் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும், கோபுரம் பெரும்பாலும் மேற்கு முனையில். அதை வைத்தே படத்துக்குள் திசைகாட்டி கிடைத்துவிடுகிறது. நிழல் வடகிழக்கே விழுந்தால் பிற்பகல். ஒரு எச்சரிக்கை: பழைய புகைப்படக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அதிகமாக வாங்கின, பச்சையையும் சிவப்பையும் கறுக்கவைத்தன. புல் கறுப்பாக இருப்பதால் அடர்த்தி என்று எண்ண வேண்டாம். வானம் வெள்ளையாக இருப்பதால் மேகமூட்டம் என்றும் எண்ண வேண்டாம்.

இடம் கிடைத்ததும் குறித்துக்கொள்ள வேண்டியவை: வரைபடக் கட்ட எண், திசைக்கோணம், லென்ஸின் உயரம், குவியத்தூரம், நாள், நேரம். புல்லில் முளை அடித்து அடையாளம் வைத்தால் அடுத்த வெட்டில் போய்விடும். ‘நினைவுச் சின்னத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து 11.4 மீட்டர், தொலைபேசிக் கூண்டின் கதவுப் பக்கத்திலிருந்து 23 மீட்டர்’ என்று இரண்டு நிலையான பொருள்களிலிருந்து அளந்து எழுதிவைத்தால் இருபது ஆண்டு கழித்து வேறொருவரும் அங்கே வந்து நிற்கலாம். ஆண்டுக்கு இரண்டு படம் போதும்: ஜனவரி நடுவில் ஒன்று, ஜூன் கடைசியில் ஒன்று. ஆகஸ்ட் வேண்டாம். இலைக்குள் துளையிடும் சிறு அந்துப்பூச்சி 2002-ல் விம்பிள்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதிலிருந்து, ஹார்ஸ் செஸ்ட்நட் மரங்கள் ஆகஸ்டிலேயே பழுப்பாகிவிடுகின்றன. பார்ப்பவர் அதை வறட்சி என்றோ இலையுதிர் காலம் என்றோ எழுதிவைத்துவிடுவார்.

தரையில் தெரிவது

சூரியன் தாழ்ந்திருக்கும் குளிர்காலக் காலையில் வெளியை ஒருமுறை சுற்றி வாருங்கள். மேய்ந்த காலத்து வண்டித் தடங்கள் புல்லுக்கடியில் நீளப் பள்ளங்களாக இன்னும் கிடக்கும். கிரிக்கெட் ஆடுகளம் இருந்த இடம் மட்டும் மேசைபோல் மட்டமாக இருக்கும். 1976, 2018, 2022 போன்ற வறண்ட கோடைகளில் இன்னொரு வரைபடமே எழுந்து வரும். அடியில் கல் அடித்தளம் இருக்கும் இடத்தில் புல் முதலில் காயும். இட்டு நிரப்பிய பள்ளம் இருக்கும் இடத்தில் கடைசி வரை பச்சையாக இருக்கும். கிரீனுக்குள் தீவுபோல் நின்ற கொல்லன் பட்டறை, கால்நடைப் பட்டி, ஏழைக் குடிசைகள் எல்லாம் இப்படி வெளிப்படுவதுண்டு. மழை வந்த சில நாளில் மறைந்துவிடும் என்பதால் பார்த்த அன்றே படமெடுக்க வேண்டும்.

மரத்தின் வயதுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. திறந்த வெளியில் நிற்கும் மரத்தின் சுற்றளவை நெஞ்சுயரத்தில், 1.5 மீட்டரில் அளந்து, சென்டிமீட்டரை 2.5 ஆல் வகுத்தால் தோராயமான வயது. 320 செ.மீ. என்றால் சுமார் 128. அதாவது விக்டோரியா அரசியின் வைர விழா ஆண்டான 1897-ல் நட்டதாக இருக்க வாய்ப்புண்டு. 1887, 1897, 1911, 1935, 1937, 1953 ஆகிய விழா ஆண்டுகளில் ஊர்தோறும் மரம் நட்டார்கள் என்பதால் கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்தால் பாரிஷ் பதிவேட்டில் தேடிப் பார்ப்பது வீண் போகாது. வில்லோ போன்ற வேகமாக வளரும் மரங்களுக்கு இந்தக் கணக்கு பொய்க்கும்.

மரங்களில் மிகப் பெரிய வெற்றிடம் எல்ம். வட அமெரிக்காவிலிருந்து வந்த மரத்தடிகளோடு 1960களின் கடைசியில் நுழைந்த பூஞ்சை நோய், பிரிட்டனில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எல்ம்களைக் கொன்றது. 1965 படத்தில் வெளியின் விளிம்பில் முப்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர். 1980 படத்தில் வெறும் வானம். வேர்களிலிருந்து குருத்து இன்றும் முளைக்கிறது. பட்டை தடித்ததும் வண்டு வந்து நோயைக் கொடுத்துவிட்டுப் போகும், மறுபடி சாகும். அந்த வெற்றிடத்தை நிரப்ப நட்ட ஆஷ் மரங்களுக்கு 2012-ல் வேறொரு பூஞ்சை வந்தது. ஒரே இனத்தை வரிசையாக நடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் வியப்பு.

விளிம்பு, குட்டை, புல்

இன்று கிரீனின் தோற்றத்தை மாற்றும் முதல் சக்தி கார் நிறுத்தம். ‘சாலையிலிருந்து 15 கெஜத்துக்குள் நிறுத்தலாம், சட்டமே சொல்கிறது’ என்று ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் சொல்வார். 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்வது அந்தத் தூரத்துக்குள் நிறுத்த ஓட்டிப்போவது அந்தப் பிரிவின்படி குற்றமில்லை என்று மட்டுமே. நிறுத்தும் உரிமையை அது தரவில்லை. கிரீனைச் சேதப்படுத்துவதையும் ஆக்கிரமிப்பதையும் 1857, 1876 ஆண்டுச் சட்டங்கள் இன்றும் தடுக்கின்றன. முதலில் மாவட்டக் (கவுண்டி) கவுன்சிலின் பதிவேட்டில் பதிவான எல்லை எது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் விளிம்பும் பதிவான விளிம்பும் பல இடங்களில் ஒன்றல்ல. சாலையோரப் புல் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், அங்கே தூண் நட அவர்கள் அனுமதி வேண்டும்.

தூண் நடுவதென்றால் ஓக் கட்டை, 12 செ.மீ. சதுரம், தரைக்கு மேல் 60 செ.மீ., கீழே அதே அளவு. இடைவெளி 1.4 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சின்னக் கார் நுழைந்துவிடும். புல் வெட்டும் வண்டிக்கு 3 மீட்டர் திறப்பு ஒன்றை விட்டு, நடுவில் கழற்றும் தூண் வையுங்கள். இதை மறந்துவிட்டு அடுத்த மாதமே இரண்டு தூணைப் பிடுங்குவது வழக்கமான கூத்து. கட்டை அழுகுவது தரைமட்டத்தில். சுற்றிலும் கான்கிரீட் கிண்ணம்போல் வார்த்தால் அதில் நீர் தேங்கிச் சீக்கிரம் அழுகும். அடியில் சரளை போட்டு, மண்ணை இறுக்கி, தலையைச் சாய்வாகச் சீவினால் நெடுநாள் நிற்கும். நகரத்துச் சாலையோரக் கல் பதித்தால் வேலை சுத்தம், ஆனால் ஊரின் முகம் போய்விடும். வலைத்தட்டு பதித்துப் புல் வளர்ப்பதும் ஏமாற்றுத்தான். எப்போதும் கார் நிற்கும் இடத்தில் நிழலாலேயே புல் சாகும், நிறுத்துவதற்கு அங்கீகாரமும் கிடைத்துவிடும்.

சக்கரம் பதிந்த பள்ளத்தை ஈரத்தில் உருளை விட்டு அமுக்குவது பெருந்தவறு. மண்ணின் காற்று போய்க் கல்லாகும். அடுத்த கோடையில் அந்தக் கோடு மட்டும் காயும். மார்ச் கடைசி வரை பொறுத்து, பக்கங்களிலிருந்து தோட்டத்து முள்கரண்டியை 15 செ.மீ. இறக்கி மெல்ல நெம்பி உயர்த்த வேண்டும். மிச்சப் பள்ளத்துக்கு மணல் கலந்த மண்ணை ஒரு தடவைக்கு 2 செ.மீ. மட்டும் போட்டு, சதுர மீட்டருக்கு 30 முதல் 35 கிராம் விதை தூவலாம். மிதிபடும் இடத்துக்கு ரை புல், மற்ற இடத்துக்கு மெல்லிய ஃபெஸ்க்யூ.

குட்டை பெரும்பாலும் குதிரைக்கும் மாட்டுக்கும் நீர் காட்டவும், கோடையில் வண்டிச் சக்கரத்தின் மரம் சுருங்காமல் நனைக்கவும் இருந்தது. ஒரு பக்கம் சாய்வாகக் கல் பாவியிருந்தால் வண்டி இறங்கிய வழி அதுதான். கால்நடை போனதும் கரையை மிதிக்க ஆளில்லை; நாணலும் வில்லோவும் வந்தன. வில்லோவின் வேர் அடியில் பூசிய களிமண்ணைப் பிளக்கும். தூர் வாருவது செப்டம்பர், அக்டோபரில், ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முழுவதையும் வற்றவைத்தால் களிமண் வெடித்து நீர் நிற்காது. அள்ளிய சேற்றைக் கரையில் ஒருநாள் விட்டால் உயிரினங்கள் திரும்பப் போகும். பிறகு கட்டாயம் அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் சத்தெல்லாம் மழையோடு மறுபடி உள்ளே. கொண்டைப் புனல்பல்லி (கிரேட் கிரெஸ்டட் நியூட்) இருந்தால் அது சட்டப் பாதுகாப்புள்ள உயிர்; உரிமம் உள்ளவரைக் கேட்காமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது. ரொட்டி போட்டு வாத்துகளைப் பெருக்குவதுதான் நீர் பச்சைக் குழம்பாக மாறுவதற்கு எளிதில் நிறுத்தக்கூடிய காரணம். அதை நிறுத்தச் சொல்கிறவருக்கு ஊரில் நல்ல பெயர் கிடைக்காது.

டாஃபடில் பூக்கள் பழைய கிரீனின் அடையாளம் என்று நினைப்பவர்கள் உண்டு. விளிம்பு முழுக்க மஞ்சள் வரிசை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி அலங்காரம். ‘பிரிட்டன் இன் ப்ளூம்’ போன்ற போட்டிகள் 1960களில் வந்த பிறகு கூடியது. நட்டால் 15 செ.மீ. ஆழம். பூ வாடிய பின் ஆறு வாரம் இலையை வெட்டக் கூடாது, வெட்டினால் அடுத்த ஆண்டு பூ குறையும். அதனால் அந்த இடத்தில் மே நடுவரை இயந்திரம் நுழைய முடியாது. நடுவெளியில் தூவிவிட்டு ஏன் புல் உயர்ந்திருக்கிறது என்று கேட்பதில் பயனில்லை.

புல்லில் காட்டுப் பூக்கள் திரும்ப வேண்டுமென்றால் ‘வெட்டாமல் விடுவது’ மட்டும் போதாது. இயந்திரம் ஐம்பது ஆண்டாக வெட்டி அங்கேயே போட்ட புல் மக்கி மண்ணைக் கொழுக்கவைத்திருக்கிறது. முரட்டுப் புல்லே வெல்லும். ஜூலை கடைசியில் அறுத்து, சில நாள் காயவைத்து விதை உதிர்ந்ததும், வாரி வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு மேய்ச்சலைப் போல இலையுதிர் காலத்தில் குட்டையாக வெட்டலாம். எல்லோ ரேட்டில் என்ற சிறு செடி புல்லின் வேரில் ஒட்டி அதன் வீரியத்தைக் குறைக்கும். அந்த ஆண்டு விதையையே வாங்க வேண்டும், பழையது முளைக்காது. தரையைப் பாதி மண் தெரியும் அளவுக்குச் சுரண்டி, சதுர மீட்டருக்கு ஒரு கிராம் வரை, நவம்பருக்குள் தூவ வேண்டும். குளிர் பட்டால்தான் முளைக்கும். ஜூனில் வெட்டிவிட்டால் ஒரே ஆண்டில் ஒழிந்துபோகும், ஏனெனில் அது ஆண்டுச்செடி. ஒப்பந்தக்காரரிடம் வாயால் சொல்லாமல் படம் போட்டுக் கொடுங்கள்.

உயர்ந்த புல்லைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒட்ட வெட்டிய விளிம்பும், நடுவே குறுக்கே போகும் இரண்டு பாதையும் இருந்தால் ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்ற புகார் பெருமளவு அடங்கிவிடும். பாதையை எங்கே வெட்டுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. 1940களின் விமானப்படைப் படத்தில் வெளிர் கோடுகளாகத் தெரிந்த தடங்கள் எவையோ, அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். சட்டத்துக்கும் வழுவழுப்பு தேவையில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ட்ராப் கிரவுண்ட்ஸ் பெரும்பகுதி புதரும் நாணலும் மண்டிய இடம்; அதைக் கிரீனாகப் பதியலாம் என்று 2006-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு ஊரார் தடையின்றி நடந்ததும் விளையாடியதுமே அங்கே கணக்கில் வந்தது.

ஜனவரிப் படத்தை எடுக்கப் போகும்போது இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். வெளியில் நிற்கும் பொருள்களை எண்ணி வகைப்படுத்துங்கள்: பெஞ்சு, குப்பைத்தொட்டி, நாய்க்கழிவுத் தொட்டி, அறிவிப்புப் பலகை, சாலைப் பலகை, தூண், மின்கம்பம், நினைவுத் தகடு. ஒவ்வொன்றும் யாருடையது, எந்த ஆண்டு வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். 1910 அஞ்சலட்டையில் ஒன்றோ இரண்டோ இருந்த இடத்தில் இன்று முப்பது நாற்பது தேறும். அதில் குறைந்தது ஐந்தாறு, யார் வைத்தது என்றே தெரியாமல் நிற்கும். அடுத்த பாரிஷ் கூட்டத்தில் முதலில் எடுத்துவைக்க வேண்டிய பட்டியல் அந்த ஐந்தாறுதான்.